முதலில் எந்த எழுத்து? தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் மூன்று வழிகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் ஓர் அரிச்சுவடி அட்டை ஏறிவிடும். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ என்று பிள்ளை விரல் வைத்துச் சொல்லும். இரண்டு மாதத்தில் ஔவையார் வரை கடகடவென்று ஒப்பிக்கும். அதே அட்டையில் ஆட்டின் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழே உள்ள சொல்லை மட்டும் காட்டிப் பாருங்கள். 'ஆ' என்று சொல்லிவிட்டுப் பிள்ளை நின்றுவிடும். 'டு' அது இன்னும் கற்காத எழுத்து. அரிச்சுவடி வரிசையில் அந்த எழுத்து வந்து சேரப் பல மாதங்கள் ஆகும்.

எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பிள்ளைக்குப் புத்தி போதவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுத்துகளை எந்த வரிசையில் கொடுத்தோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இன்று வீட்டிலும் பள்ளியிலும் மூன்று வழிகள் புழங்குகின்றன. ஒன்று, அரிச்சுவடி வரிசை. இரண்டு, முழுச் சொல்லையும் பார்த்துப் பழகும் வழி. மூன்று, நாலைந்து எழுத்துகளை மட்டும் எடுத்து அன்றைக்கே சொல் கட்டும் வழி. இதை எழுத்துக் கூட்ட வழி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு எது எப்போது உதவும், எது எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

முன்னதாக ஒரு கணக்கு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்றதும் மலைப்பு வருகிறது. உண்மையில் கண் பழக வேண்டியவை அவ்வளவு இல்லை. 18 மெய்களின் அடிப்படை வடிவம், 12 உயிர், புள்ளி, துணைக்கால் (ா), மேலே வளையும் இரண்டு விலங்குகள் (ி, ீ), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), இணைக்கொம்பு (ை), அப்புறம் உகர ஊகார வடிவங்கள். எல்லாம் சேர்த்தால் ஐம்பதை ஒட்டித்தான் வரும். மற்றவை இவற்றின் சேர்க்கை. ஙகர வரிசையில் பிள்ளைக்கு வேண்டியது 'ங்' ஒன்றே. ஔகார வரிசை முழுவதும் மூன்றாம் வகுப்பு வரை காத்திருந்தாலும் நட்டம் இல்லை.

அரிச்சுவடி வரிசை

இதன் பலம் ஒழுங்கு. க கா கி கீ என்று ஒரே ஓசை நீண்டும் திரிந்தும் வருவதைக் காது பிடித்துக்கொள்கிறது. அகராதி பார்க்க, பெயர்ப் பட்டியல் தேட இந்த வரிசை கட்டாயம் வேண்டும். தாத்தா பாட்டி யாரும் பயிற்சி இல்லாமலே சொல்லிக்கொடுக்கலாம். பாட்டாகச் சொன்னால் மறக்காது.

பலவீனம் இரண்டு. முதலாவது, பலன் கிடைக்க ஆகும் காலம். வரிசைப்படி முதல் 16 எழுத்துகளைக் கற்ற பிள்ளையிடம் அ முதல் ஔ வரையும், ஆய்தமும், க் ங் ச் மூன்றும் இருக்கும். இவற்றைக் கொண்டு அது வாசிக்கக்கூடிய, அதற்குப் பொருள் தெரிந்த சொல் 'ஈ' ஒன்றுதான். 18 மெய்யும் முடித்து 31 எழுத்தானாலும் ஊர், ஆள், எள், ஏன், ஏர் என்று சில சொற்களோடு நின்றுவிடும். அம்மாவும் அப்பாவும் கைக்கு எட்டாது. அத்தனை மாதமும் படித்ததற்கு ஒரு வரிகூட வாசிக்கக் கிடைக்காத பிள்ளை, வாசிப்பு என்றால் ஒப்பிப்பது என்றே முடிவுகட்டிவிடும்.

இரண்டாவது, கை. ட இரண்டே கோடு. ப மூன்று கோடு. அ, இ, ஐ ஆகியவற்றிலோ சுழியும் வளைவும் தூக்கிய கோடும் ஒன்றாக வரும். ஐந்து வயது விரலுக்கு மிகக் கடினமான வடிவங்களை முதல் வாரத்திலேயே நான்கு பக்கம் எழுதச் சொல்கிறோம். பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும், எழுத்து என்றாலே வரும் சிணுங்கலும் இங்கேதான் தொடங்குகின்றன.

மெய்களை 'இக், இங், இச்' என்று தனியே சொல்லிப் பழக்குவதால் வரும் தொல்லையும் உண்டு. அப்படிப் பழகிய பிள்ளை 'படம்' என்ற சொல்லை 'ப, ட, இம்' என்று பிரிக்கும். சேர்த்துச் சொல்லச் சொன்னால் 'படயிம்' என்று ஏதோ ஒன்று வரும். அந்தச் சொல்லைப் பிள்ளை ஆயிரம் முறை கேட்டிருக்கும். இருந்தாலும் தன் வாயிலிருந்து வந்த ஓசையில் அதை அடையாளம் காண முடியாது. ஆகவே மெய்யைத் தனியே ஒலிக்கச் சொல்லாதீர்கள். 'டம்', 'ரம்', 'கம்' என்று முன் எழுத்தோடு ஒட்டியே சொல்லவையுங்கள். அரிச்சுவடி வழியைத்தான் பின்பற்றப் போகிறோம் என்பவர்கள்கூட இந்த ஒன்றை மட்டுமாவது மாற்றிக்கொண்டால் வாசிப்பு பாதி எளிதாகும்.

முழுச் சொல் வழி

சொல்லைப் படம்போலப் பார்த்து நினைவில் வைப்பது இந்த வழி. சுவரிலும் நாற்காலியிலும் கதவிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, மின்னல் அட்டை காட்டுவது எல்லாம் இதில் சேரும். ஆங்கிலத்தில் 'ஒன்' (one), 'டூ' (two), 'செட்' (said) போன்ற சொற்களின் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போவதில்லை. அங்கே அவற்றை முழுசாக நினைவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். அதனால் அந்தக் காரணம் இங்கே பொருந்தவில்லை.

அதைவிடப் பெரிய தடை, தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது தன் உருவத்தையே மாற்றிக்கொள்வது. 'மரம்' என்ற அட்டையை நன்றாகப் பழகிய பிள்ளை கதையில் பார்ப்பது மரத்தில், மரத்தை, மரங்கள், மரத்தடி. கடைசி மகரம் காணாமல் போய்விட்டது, இடையில் புது எழுத்து நுழைந்துவிட்டது. படமாக மனத்தில் வைத்திருந்த பிள்ளைக்கு இவை நான்கும் நான்கு புதுச் சொற்கள். இந்த வழியிலேயே பழகிய பிள்ளை கொஞ்ச நாளில் ஊகிக்க ஆரம்பிக்கும். பசுவின் படத்துக்குக் கீழே 'மாடு' என்று இருந்தால் 'பசு' என்று வாசிக்கும். தன்னம்பிக்கையோடு சொல்வதால் பெரியவர்களும் கவனிக்க மாட்டார்கள்.

அதற்காக இதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். பிள்ளையின் பெயர், அம்மா, அப்பா, ஊர்ப் பெயர், தினமும் ஏறும் பேருந்தின் பலகை என்று பத்துப் பதினைந்து சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்கலாம். எழுத்துக்குப் பொருள் உண்டு என்ற நினைப்பு அதில் வரும். அதற்கு மேல் இந்த வழியைச் சார்ந்திருக்க வேண்டாம்.

எழுத்துக் கூட்ட வழி

எங்கள் பரிந்துரை இதுதான். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது புதிதல்ல. அரிச்சுவடி வரிசையை விட்டு, ட ப ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து தொடங்குவது அங்கே பழகிய முறை. ஆனால் வடிவ ஒற்றுமை ஒன்றையே பார்த்து எழுத்துகளைக் கூட்டினால் புதுச் சிக்கல் வரும். ல, வ இரண்டும் எழுத ஒரே மாதிரி இருப்பதால் ஒரே நாளில் கொடுக்கத் தோன்றும். எழுதும் கைக்கு அது வசதி, வாசிக்கும் கண்ணுக்குக் குழப்பம். எனவே கூட்டத்தை வடிவத்தைப் பார்த்துத் தேர்வதைவிட, எத்தனை சொல் பிறக்கும் என்று பார்த்துத் தேர்வது மேல். ஒத்த வடிவம் உள்ளவற்றுக்கு இடையே ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

ஒரு வரிசை இதோ.

முதல் கூட்டம்: ப, ட, ம, அ, புள்ளி. இந்த ஐந்தை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம், அப்பம், அடம் வாசிக்கலாம்.

இரண்டாம் கூட்டம்: க, ர, த, ஆ, துணைக்கால். இப்போது மரம், பக்கம், கட்டம், தகரம், பாடம், காகம், தாகம், அம்மா, அப்பா, மாமா, தாத்தா, பாப்பா எல்லாம் கைக்கு வந்துவிடும். 'அம்மா, அப்பம் தா' என்று ஒரு முழு வாக்கியமே வாசிக்கலாம்.

மூன்றாம் கூட்டம்: ல, ந, ன, இ, இகரத்தின் மேல்விலங்கு, ஒரு வாரம் கழித்து வ. கல், பல், பால், கால், வால், நகம், மான், வானம், நரி, கரடி, பல்லி, பாட்டி, தம்பி, கட்டில், மின்னல். 'பாட்டி, பால் தா.'

இதுவரை பிள்ளை கற்றவை 16. பத்து மெய் வடிவம், மூன்று உயிர், மூன்று குறி. பத்து மெய்க்கும் புள்ளி, அகரம், ஆகாரம், இகரம் என்று நான்கு உரு இருப்பதால் 40 எழுத்து, மூன்று உயிரோடு 43. அரிச்சுவடி வரிசையில் இதே 16-ஐக் கற்ற பிள்ளை 'ஈ'யோடு நின்றது.

நான்காவது கூட்டத்துக்கு உகரம் மட்டும் போதும், அதற்கே நான்கு வாரம் ஒதுக்குங்கள். பலர் கடினம் என்று இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளினால் ஆடு, மாடு, காடு, பாட்டு, வாத்து, தட்டு, நாக்கு எதுவுமே இல்லாமல், பெரும்பாலும் 'அம்' என்று முடியும் சொற்களை வைத்து உயிரில்லாத வாக்கியங்களைச் செய்ய வேண்டியிருக்கும். உகர வடிவங்கள் மூன்று குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுற்றி வளையும். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கோடாகக் கீழே இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே வளைந்து வலப்பக்கம் மேலேறும். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம், நான்காம் வாரம் மூன்றையும் கலந்து. இந்தக் கடைசிக் குடும்பத்துக்கு ஒரு சௌகரியம்: துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் தூ, நூ, லூ என்று ஊகாரம் ஆகிவிடும்.

பிறகு ஐகாரமும் ச, ய, ள, ணவும் (கை, மலை, இலை, யானை, தவளை, கிளி, பள்ளி, வண்டி). அதன்பின் எ, ஏ, ஈ, கொம்புகள், ழ, ற. அதற்கடுத்து ஒ, ஓ, ஊ, ஐ, ங், ஞ். கடைசியில் ஔ, ஆய்தம், கிரந்த எழுத்துகள். பிள்ளையின் பெயரில் ஜ, ஷ, ஸ இருந்தால் அந்த ஒன்றை மட்டும் முன்னாலேயே காட்டிவிடுங்கள். தன் பெயரை வாசிக்கக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

அட்டை செய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கையில் அடங்கும் சதுரங்களாக வெட்டி, கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். துணைக்கால், கொம்புகள் மூன்றுக்கும் வேறு நிற அட்டை. 'ப'வின் வலப்பக்கம் துணைக்காலை வைத்தால் 'பா', இடப்பக்கம் கொம்பை வைத்தால் 'பெ'. இகர, உகர எழுத்துகள் உடலோடு ஒட்டிக்கொள்பவை. அவற்றைத் தனித்தனி அட்டையாகவே எழுத வேண்டும். துணைக்காலும் இணைக்கொம்பும் இப்படி எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி பொருந்துவது 1978-இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் வசதி. அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளுக்குத் தனி உருவம் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் பழைய லை, னை எழுதிக் காட்டினால் பிள்ளை திகைக்கும். ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. இதைவிட நல்ல கருவி எங்களுக்குத் தெரிந்து இல்லை. ப, ட, ட, ம நான்கு அட்டைகளையும் வரிசையாக வையுங்கள். பிள்ளை 'படடம' என்று வாசிக்கும், சிரிக்கும். ஒரு பொட்டை எடுத்து 'ம'வின் தலையில் ஒட்டச் சொல்லுங்கள்: 'படடம்'. இன்னொன்றை முதல் 'ட'வின் தலையில்: 'பட்டம்'. பொட்டு ஏறினால் எழுத்தின் ஓசை பாதியாகி முன் எழுத்தோடு சாய்ந்துகொள்கிறது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் அதன் வாய்க்கே புரிந்துவிடும். பிறகு ஒரு 'ட'வை எடுத்துவிட்டு 'படம்'. 'ப'வுக்குப் பக்கத்தில் துணைக்கால் வைத்து 'பாடம்'. ஐந்து அட்டை, இரண்டு பொட்டு, மூன்று சொல்.

குறில் நெடிலும் ஒற்றை இரட்டையும்தான் தமிழ் வாசிப்பில் பொருளை மாற்றுபவை. கல் கால், பல் பால், மடி மாடி, எடு ஏடு, கொடு கோடு. கடி கட்டி, குடி குட்டி, எடு எட்டு, பாடு பாட்டு. இப்படிப்பட்ட இணைகளை நாளுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். முதலில் அட்டை இல்லாமல் வாயால் மட்டும்: 'பல்' என்றால் பல்லைத் தொடு, 'பால்' என்றால் டம்ளரைத் தொடு. காது பிரித்தறியாததைக் கண் பிரித்தறியாது.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். பழைய எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பது 3 நிமிடம். புதியது 4 நிமிடம். அட்டையில் சொல் கட்டுவது 8 நிமிடம். கட்டிய சொற்களில் இரண்டை மட்டும் பலகையில் எழுதுவது 5 நிமிடம். எழுத்தை வாசிக்கும் வேகத்துக்கு எழுதும் கை ஈடுகொடுக்காது. ஈடுகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் பத்துச் சொல் கொடுங்கள். அவற்றில் ஐந்து, பிள்ளை இதுவரை பார்க்காத சொல்லாக இருக்க வேண்டும். எட்டு சரியாக வந்தால் அடுத்த கூட்டம். குறைந்தால் புது எழுத்தே இல்லாமல் இன்னொரு வாரம்.

இந்த வழியில் சறுக்கும் இடங்கள்

கொம்பில் கண்டிப்பாகச் சறுக்கும். ஓசை பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் எழுதுகிறோம். 'சொல்' என்பதில் கொம்பு முதலில், ச நடுவில், கால் பின்னால். பிள்ளை 'செ' என்று வாசித்துவிட்டுத் துணைக்காலைப் பார்த்து 'ர' என்று சொல்லி 'செரல்' என்று முடிக்கும். இதில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. காலும் ரகரமும் பல அச்செழுத்துகளில் ஒன்றுபோலவே இருக்கும். ரகரத்தின் அடியில் சாய்கோடு தெளிவாக உள்ள எழுத்துருவில் அச்சிட்டுக் கொடுத்தால் பாதி சரியாகும். கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்தையும் தாண்டிப் பார்த்து, கால் இருக்கிறதா என்று தேடும் பழக்கம் மீதியைச் சரிசெய்யும். பென்சில் நுனியைக் கொம்பில் வைத்துக் காலுக்குத் தாவவையுங்கள், பிறகு வாய் திறக்கட்டும்.

க, ச, ட, த, ப ஐந்தும் இடத்துக்கு இடம் ஒலி மாறுவது இன்னொரு சறுக்கல். 'தம்பி'யில் உள்ள பகரமும் 'அப்பா'வில் உள்ள பகரமும் வேறு வேறாகத்தான் ஒலிக்கின்றன. பிள்ளை 'காகம்' என்பதை இரண்டு ககரத்தையும் வன்மையாகவே உச்சரித்து வாசிக்கும். திருத்த வேண்டாம், விதியும் சொல்ல வேண்டாம். 'இப்ப நீ பேசுற மாதிரி சொல்லு' என்றால் தானாகச் சரியாகும், அந்தச் சொல் அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால். தெரியாத சொல்லைக் கொடுத்தால் சரிசெய்துகொள்ள அதனிடம் எதுவும் இல்லை. முதல் ஆறு மாதமும் பிள்ளையின் பேச்சில் உள்ள சொற்களையே வாசிக்கத் தருவது இதற்காகத்தான்.

ந, ன, ண, ல, ள, ழ, ர, ற. வாசிக்கும்போது இவை தொல்லை தருவதில்லை, எழுதும்போதுதான். பேச்சில் வேறுபாடு கேட்காத பிள்ளை நினைவை வைத்துத்தான் எழுத வேண்டும், நினைவு நிறைய வாசித்தால்தான் வரும். ஒன்றாம் வகுப்பில் இதற்குச் சிவப்பு மை வேண்டாம். 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்று சொல்வதைவிடப் பழைய பெயர்கள் உதவும்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். வண்டியில் டகரத்துக்கு முன் ண், கன்றில் றகரத்துக்கு முன் ன், பந்தில் தகரத்துக்கு முன் ந். பெயரிலேயே விதி இருக்கிறது.

எந்த வழியானாலும் கூட வர வேண்டியது

நாம் பேசும் தமிழும் அச்சில் உள்ள தமிழும் ஒன்றல்ல. வீட்டில் 'மரத்துல ஏறிட்டான்' என்று கேட்டு வளரும் பிள்ளை, புத்தகத்தில் 'மரத்தில் ஏறிவிட்டான்' என்பதைப் பார்க்கிறது. எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும், அது தன் மொழி என்று தோன்றாது. எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்கும் வாய்ப்பு, பெரியவர் கதை வாசித்துக் காட்டும்போதுதான் கிடைக்கிறது. தினமும் 10 முதல் 15 நிமிடம், எழுத்துப் பாடத்தோடு கலக்காமல், இரவில் படுக்கும் முன் என்றால் நல்லது. பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திப் பேச்சில் சொல்லிவிட்டு மறுபடி அதே வரியை வாசியுங்கள். ஒரே கதையை ஐந்தாறு முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் முறையில்தான் பிள்ளை வரிகளைத் தானே முடிக்க ஆரம்பிக்கும்.

புத்தகத்துக்குச் செலவு ஒரு காரணமாக இருக்க வேண்டாம். குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நாம் வாசித்துக் காட்ட இரண்டு, மூன்றாம் நிலை; பிள்ளை தானே வாசிக்க முதல் நிலை. ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இன்னும் கனம், சில வாரம் கழித்து எடுக்கலாம்.

கைப்பேசிச் செயலிகள், காணொளிகள் பற்றிக் கேட்கிறார்கள். எழுத்தின் ஓசையைக் கேட்டுப் பழக ஐந்து நிமிடம் சரி. பிள்ளையின் வாய் என்ன சொல்கிறது என்பதை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. வாசிப்புக்கு அதுதான் முக்கியம்.

வகுப்பறையில் என்றால்

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், எந்த எழுத்து வரிசை என்பதோடு இன்னொரு தேர்வும் இருக்கிறது: எல்லாரும் ஒரே பக்கத்திலா, அவரவர் நிலையிலா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஏணிப்படியும் அட்டையுமாக இரண்டாவதைத் தேர்ந்தது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிக்கு அது பொருந்தும். அட்டைகள் தொலைந்தாலும், ஒரே படியில் நிற்கும் பிள்ளையை யாரும் கவனிக்காவிட்டாலும் உடைந்துபோகும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறது. மூன்று குழு என்பது ஓர் ஆசிரியர் கையாளக்கூடிய எண்ணிக்கை. அரும்பில் உள்ள பிள்ளை மாதக்கணக்கில் அரும்பிலேயே இருந்தால், அது எந்த எழுத்தில் நிற்கிறது என்று பெயர்வாரியாக ஒரு தாளில் எழுதிவைக்காமல் நகர்த்த முடியாது. மேலே சொன்ன கூட்டங்களைத் தலைப்பாகப் போட்டு, பிள்ளைகளின் பெயரை இடப்பக்கம் எழுதினால் அந்தத் தாள் தயார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021-இல் வந்த நிபுண் பாரத் என்ற ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டத்தின் இலக்கு, மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்பது தமிழில் ஒரு சொல், 13 எழுத்து. ஒட்டி ஒட்டி நீளும் மொழியில் சொல்லை எண்ணி வேகம் பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கடிகாரத்தை வைத்து வாசிக்கச் சொன்னால் ஈற்றை விழுங்கும் பழக்கம் வந்துவிடும். தமிழில் ஈற்றில்தான் யார், எப்போது, எங்கே என்பதெல்லாம் இருக்கிறது. கன்னடப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வாளர் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்மெய் எழுத்துகளை முழுசாகக் கைக்கொள்வது முதல் இரண்டு வகுப்போடு முடியாமல் மேல் வகுப்புகளிலும் நீள்வது தெரியவந்தது. நம் எழுத்தும் அதே வகை. ஒன்றாம் வகுப்பிலேயே 247-ஐயும் கேட்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு எது?

புதிதாகத் தொடங்கும் ஐந்தரை, ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வழி, தயக்கமே வேண்டாம். பள்ளியில் அரிச்சுவடி வரிசையில் போகிறார்கள் என்றால் சண்டை போட வேண்டியதில்லை. பள்ளியில் அன்று வந்த எழுத்தை நம் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு வீட்டில் சொல் கட்டலாம். கூட்டங்கள் எல்லாம் முடிந்தபின் அரிச்சுவடி அட்டையைச் சுவரில் மாட்டுங்கள். தெரிந்த எழுத்துகளை அதில் தேடி வண்ணம் தீட்டச் சொன்னால், வரிசையின் அழகு அப்போது அதற்கே விளங்கும்.

ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் வாசிப்பை முன்னால் விடுங்கள். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்ற திறவுகோல் நேரான எழுத்து முறையில் எளிதில் கிடைக்கும், ஆங்கிலத்துக்கும் அது உதவும். தமிழ் பேச்சே குறைவாக உள்ள, வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் எழுத்தே வேண்டாம். கதையும் பாட்டும் பேச்சும் போதும். பொருள் தெரியாத 'தகர'த்தைச் சரியாக வாசித்து என்ன பயன்?

இரண்டாம், மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்காத பிள்ளைக்கு மறுபடி அனாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் பலர் செய்யும் தவறு. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வரிசை இல்லாமல் கலைத்த 30 எழுத்து: பத்து அகர எழுத்து, பத்து கால் கொம்பு விலங்கு ஏறியவை, பத்து உகர ஊகாரம். முதல் பத்தில் தடுமாறினால் முதல் கூட்டத்திலிருந்து. இரண்டாம் பத்தில் என்றால் அட்டையும் துணைக்காலும். மூன்றாம் பத்தில் மட்டும் என்றால் உகரக் குடும்பங்கள் மூன்றும் ஒரு மாதத்தில் முடியும். எழுத்தெல்லாம் சரி, சொல்தான் வரவில்லை என்றால் 'இம்', 'இக்' என்று மெய்யை இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்னப் பிள்ளைப் புத்தகம் கொடுத்தால் கூச்சப்படும்; விடுகதை கொடுங்கள், இரண்டே வரி, எந்த வயதுக்கும் மரியாதை.

எட்டுப் பத்து வாரம் ஒழுங்காகச் செய்தும் 'பல்', 'பால்' இரண்டையும் காதால் பிரிக்க முடியவில்லை என்றால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்பது மந்தமாகும், வெளியே தெரியாது. பலகையை நெருங்கிப் போய்ப் பார்த்தால் கண்ணையும். அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் ஆசிரியர் மூலம் சொல்லிவைக்கலாம். மேல் பரிசோதனைக்கு பிள்ளைகளின் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டு கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதித் தருவார்கள்.